நிலையப் பெயர்களில் இருக்கும் மனிதர்கள்

தம்பி, டப்ளினுக்கு வந்து நான்கு மாதங்கள் ஆகின்றன என்றும், தினமும் டாலாவிலிருந்து லுவாஸ் டிராமின் சிவப்புத் தடத்தில் வேலைக்குப் போகிறேன் என்றும் எழுதியிருக்கிறீர்கள். இங்கே ரயில் நிலையங்களுக்கெல்லாம் ஏன் மனிதர்களின் பெயர்கள், யார் அந்த ஹியூஸ்டன், யார் கொனலி, அலுவலகத்தில் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1916 ஈஸ்டர் எழுச்சி பற்றிப் பேச்சு வந்தால் என்ன சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த எழுச்சியின் தலைவர்களில் ஒருவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதிவரும்படி உங்கள் மகளுக்குப் பள்ளியில் சொல்லியிருக்கிறார்கள், யாரைத் தேர்ந்தெடுக்கலாம் என்பது உங்கள் கடைசிக் கேள்வி. நான் இந்த ஊருக்கு வந்து இருபத்தோரு ஆண்டுகள் ஆகின்றன. முதல் மூன்று ஆண்டுகள் ஹியூஸ்டன் நிலையத்தின் வழியாகத்தான் தினமும் போய்வந்தேன். அந்தப் பெயர் ஒரு ரயில்வே எழுத்தருடையது என்பதை அப்போது யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று இன்றும் நினைக்கிறேன். அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

1916 ஏப்ரல் 24, ஈஸ்டருக்கு மறுநாள் திங்கட்கிழமை. பிரிட்டன் ஐரோப்பியப் போரில் மூழ்கியிருந்தது. அயர்லாந்துக்குத் தன்னாட்சி வழங்கும் சட்டம் 1914இலேயே நிறைவேறியிருந்தும், போர் முடியட்டும் என்று சொல்லி அதைக் கிடப்பில் போட்டிருந்தார்கள். இனிமேல் கேட்டுப் பெறுவதில் பயனில்லை என்று முடிவு செய்த ஒரு சிறு குழு, ஆயிரத்துச் சொச்சம் பேரோடு அன்று டப்ளினின் முக்கியமான கட்டடங்களைப் பிடித்தது. தலைமை அஞ்சலகத்தின் வாசலில் நின்று பேட்ரிக் பியர்ஸ் என்ற பள்ளி ஆசிரியர் அயர்லாந்துக் குடியரசின் பிரகடனத்தை வாசித்தார். ஜெர்மனியிலிருந்து 20,000 துப்பாக்கிகளோடு வந்த கப்பல் பிடிபட்டுவிட்டது என்பதும், எழுச்சிக்காரர்களில் பெரும்பாலோர் சேர்ந்திருந்த தொண்டர் படையின் தலைவரே ஞாயிற்றுக்கிழமை நாளிதழில் எழுச்சியை நிறுத்தும்படி அறிவிப்புக் கொடுத்துவிட்டார் என்பதும் அவர்களுக்குத் தெரியும். தோற்போம் என்று தெரிந்துதான் இறங்கினார்கள். ஆறாவது நாள், ஏப்ரல் 29 சனிக்கிழமை, சரணடைந்தார்கள். அந்த ஒரு வாரத்தில் 485 பேர் இறந்தார்கள், அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் பொதுமக்கள். இந்தக் கணக்கை எப்போதும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் இந்த ஊர்க்காரர்கள் அதை மறப்பதில்லை.

பிறகு இராணுவ நீதிமன்றங்கள் 90 பேருக்கு மரண தண்டனை விதித்தன. மே 3 முதல் 12 வரை 15 பேர் சுட்டுக்கொல்லப்பட்டார்கள், பதினாறாமவரான ரோஜர் கேஸ்மென்ட் ஆகஸ்ட் 3 அன்று லண்டனில் தூக்கிலிடப்பட்டார். எழுச்சியின் பொன்விழா ஆண்டான 1966இல் நாட்டின் 15 ரயில் நிலையங்களுக்கு இந்தப் பதினாறு பேரின் பெயர்களைச் சூட்டினார்கள். பேட்ரிக் பியர்ஸும் அவருடைய தம்பி வில்லியும் ஒரே நிலையத்தைப் பகிர்ந்துகொள்கிறார்கள். கார்க் போனால் கென்ட், கால்வே போனால் கியான்ட், லிமெரிக் போனால் கோல்பர்ட், ஸ்லைகோ போனால் மக் டியர்மடா. கியான்ட் என்ற பெயரை ஆங்கில எழுத்துகளைப் பார்த்து 'சீன்ட்' என்று படித்துவிடாதீர்கள், முதல் எழுத்துக்கு இங்கே ககர ஒலிதான்.

நீங்கள் தினமும் போகும் தடம் அந்த ஒரு வாரத்தின் ஊடாகவே ஓடுகிறது என்பதைச் சொன்னால் வியப்படைவீர்கள். டாலாவிலிருந்து வரும்போது ஜேம்ஸ் மருத்துவமனை நிறுத்தம் வருகிறதல்லவா, நம் ஊர்களிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்த செவிலியர்கள் பலர் பணி செய்யும் அந்த வளாகம், அன்று ஆதரவற்ற ஏழைகளுக்கான மிகப் பெரிய இல்லமாக இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டிருந்தவர் ஏமன் கியான்ட். மாநகராட்சியின் பொருளாளர் அலுவலகத்தில் கணக்கு எழுதியவர், குழல் வாசிப்பதில் தேர்ந்தவர், 1908இல் ரோம் சென்று போப்பாண்டவர் முன்னிலையில் அயர்லாந்தின் பைக்குழலை வாசித்தவர். அந்த வளாகத்துச் சண்டையில் சீருடையிலிருந்த மார்கரெட் கியோ என்ற செவிலியர் இராணுவத்தின் குண்டுக்கு இரையானார். அங்கே வேலை பார்க்கும் நம் பெண்களிடம் நான் இதைச் சொல்லாமல் விடுவதில்லை.

அடுத்த நிறுத்தம் ஹியூஸ்டன். ஷான் ஹியூஸ்டன் அந்த நிலையத்திலேயே எழுத்தராக இருந்தவர், அப்போது அதற்குக் கிங்ஸ்பிரிட்ஜ் என்று பெயர். இருபத்தைந்து வயது. ஆற்றங்கரையில் ஏழைகளுக்கு உணவளிக்கும் ஒரு கட்டடத்தில் சுமார் 26 பேரை வைத்துக்கொண்டு மூன்று நான்கு மணி நேரம் இராணுவத்தைத் தடுத்து நிறுத்தும்படி அவருக்குக் கட்டளை. எதிர்க்கரைப் படைமுகாமிலிருந்து வந்த துருப்புகளை அவர் புதன்கிழமை வரை தாக்குப்பிடித்தார். அந்தப் படைமுகாம்தான் இப்போது அருங்காட்சியகமாக, லுவாஸின் 'மியூசியம்' நிறுத்தமாக இருக்கிறது. அதன் பின்புறம் நடந்தால் ஆர்பர் ஹில் வரும். டப்ளினில் சுடப்பட்ட பதினான்கு பேரையும் சவப்பெட்டிகூட இல்லாமல் சுண்ணாம்பு கொட்டிப் புதைத்த இடம் அது. குடும்பத்தாரிடம் உடல்களைக் கொடுத்தால் கல்லறைகள் புனிதத் தலங்களாகிவிடும் என்று அதிகாரிகள் அஞ்சினார்கள். அந்த இடம் இப்போது நினைவிடமாக இருக்கிறது. அங்கே பேச்சுக்குரலே கேட்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போய்வாருங்கள்.

தொடர்ந்து ஃபோர் கோர்ட்ஸ் என்ற நீதிமன்ற வளாகம், எட்வர்ட் டேலி பிடித்துவைத்திருந்த இடம். பிறகு அபே தெரு, இறங்கினால் தலைமை அஞ்சலகம். பிரகடனத்தில் கையெழுத்திட்ட எழுவரில் ஐவர் அங்கேதான் இருந்தார்கள். புஸாரஸ் நிறுத்தத்துக்கு அருகில் லிபர்ட்டி ஹால், பிரகடனம் அச்சான இடம். அச்செழுத்துகள் போதாமல் மேல்பாதியை ஒரு முறையும் கீழ்பாதியை ஒரு முறையுமாக அச்சடித்தார்கள். பிரகடனத்தின் பிரதி ஒன்றை உற்றுப் பார்த்தால் வெவ்வேறு வார்ப்பு எழுத்துகள் கலந்திருப்பது தெரியும். அயர்லாந்தின் ஆண்களையும் பெண்களையும் சேர்த்தே அது விளிக்கிறது, எல்லாக் குடிமக்களுக்கும் சம உரிமையும் சம வாய்ப்பும் என்று உறுதி தருகிறது. 1916இல் பிரிட்டனில் பெண்களுக்கு நாடாளுமன்ற வாக்குரிமைகூட இல்லை என்பதை நினைத்துப் பார்த்தால், அந்த ஒற்றைத் தாளின் மதிப்பு விளங்கும்.

எழுவரைப் பற்றியும் எழுத இங்கே இடமில்லை, எனக்கு மிக நெருக்கமாகத் தோன்றும் இருவரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். முதல் கையெழுத்து தாமஸ் கிளார்க்குடையது. வயதில் மூத்தவர், 58. பிறந்தது இங்கிலாந்தில், தந்தை பிரிட்டிஷ் இராணுவத்தில் சிப்பாய். இளமையில் வெடிகுண்டுச் சதியில் சிக்கிப் பதினைந்து ஆண்டுகள் ஆங்கிலச் சிறைகளில் கழித்தவர். அமெரிக்கா போய்த் திரும்பிவந்து, இப்போதைய பார்னல் தெருவில் சிறிய புகையிலைக் கடை ஒன்றை நடத்தினார். அந்தக் கடைதான் எழுச்சியின் நரம்பு மையமாக இருந்தது என்றால் மிகையில்லை. அவருடைய மனைவி கேத்லீன் மே 3 அன்று கணவரை இழந்தார், மறுநாள் தம்பி எட்வர்ட் டேலியை இழந்தார், அப்போது வயிற்றில் இருந்த குழந்தையும் தங்கவில்லை. அந்தப் பெண்மணிதான் சிறைப்பட்டோர் குடும்பங்களுக்கான உதவி நிதியை நடத்தினார், 1939இல் டப்ளின் மாநகரின் முதல் பெண் மேயரானார். தலைவர்கள் என்று பட்டியல் போடும்போது இவரை விட்டுவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இன்னொருவர் ஜேம்ஸ் கொனலி. அவரும் அயர்லாந்தில் பிறந்தவரல்லர். ஸ்காட்லாந்தின் எடின்பரோவில், பிழைக்கப்போன அயர்லாந்துப் பெற்றோருக்குச் சேரியில் பிறந்தார். வறுமையால் இளம் வயதிலேயே பிரிட்டிஷ் இராணுவத்தில் சேர்ந்தார். பிற்காலத்தில் தொழிற்சங்கத் தலைவராகி, 1913இல் டப்ளின் முதலாளிகள் தொழிலாளர்களை வெளியே தள்ளிக் கதவடைத்தபோது அவர்களுக்காக நின்றார். சங்கத்தார் காவலர்களின் தடியடியிலிருந்து தங்களைக் காத்துக்கொள்ளத் திரட்டிய குடிமக்கள் படையை எழுச்சிக்கு அழைத்துவந்தவர் அவர்தான். அஞ்சலகத்தில் கணுக்கால் சிதறி, எழுந்து நிற்கவும் முடியாத நிலையில் இருந்த அவரை, மே 12 அன்று ஆம்புலன்ஸில் கில்மெய்னம் சிறைக்குக் கொண்டுவந்து, நாற்காலியில் கட்டிச் சுட்டார்கள். கல் உடைக்கும் முற்றத்தில் மற்றவர்கள் விழுந்த இடத்தில் ஒரு சிலுவையும், வாசலை ஒட்டி இவர் இறந்த இடத்தில் தனியே இன்னொரு சிலுவையும் நிற்கின்றன. கில்மெய்னத்துக்கு முன்பதிவு செய்யாமல் போகாதீர்கள், வாசலில் சீட்டுக் கிடைக்காது.

இனி அலுவலகப் பேச்சுக்கு வருகிறேன். நான் வந்த முதல் ஆண்டில், மதிய உணவு வேளையில், 1916இல் ஊரே திரண்டு எழுந்ததாக எதையோ படித்துவிட்டு உற்சாகமாகச் சொன்னேன். மேசையில் அமைதி நிலவியது. பல மாதங்கள் கழித்து என் பக்கத்து வீட்டுப் பெரியம்மா தம் வரவேற்பறைச் சுவரில் இருந்த இரண்டு புகைப்படங்களைக் காட்டியபோதுதான் அந்த அமைதிக்குக் காரணம் புரிந்தது. ஒருவர் அவருடைய தாத்தா, ஜேக்கப் பிஸ்கட் தொழிற்சாலையில் எழுவரில் ஒருவரான தாமஸ் மக்டோனாவின் கீழ் துப்பாக்கியோடு நின்றவர். மற்றவர் பாட்டியின் அண்ணன், பிரிட்டிஷ் சீருடையில், பிரான்சில் ஹல்லக் என்ற ஊருக்கு அருகே ஜெர்மானியரின் நச்சுப்புகையில் அதே வாரம் இறந்தவர். ஏப்ரல் 27 முதல் 29 வரை அங்கே அயர்லாந்துப் படைப்பிரிவில் 500க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அந்தப் போரில் பிரிட்டிஷ் படைகளில் பணியாற்றிய அயர்லாந்துக்காரர்கள் சுமார் இரண்டு லட்சம் பேர். அவர்களுடைய மனைவியரும் தாய்மாரும், கைதிகளாக நடத்திச் செல்லப்பட்ட எழுச்சிக்காரர்களைத் தெருவில் நின்று ஏசினார்கள் என்பது உண்மை. மக்களின் மனம் மாறியது மே மாதத்தில்தான். பத்து நாள்களுக்கு விடியற்காலைகளில் ஒவ்வொருவராக, ஒளித்து ஒளித்து நடந்த அந்த மரண தண்டனைகள்தாம் அதை மாற்றின. 1918 டிசம்பர்த் தேர்தலில் அயர்லாந்தின் 105 இடங்களில் 73ஐ, தனிக் குடியரசு கோரிய சின் ஃபெய்ன் கட்சி வென்றது, அடுத்த மாதமே டப்ளினில் தங்களுடைய நாடாளுமன்றத்தைக் கூட்டிக்கொண்டார்கள்.

ஆகவே பேச்சு வந்தால், உங்கள் குடும்பத்தில் யாராவது இருந்தார்களா என்று கேளுங்கள், பிறகு கேட்டுக்கொண்டிருங்கள். இரண்டு பக்கமும் ஆள் இருந்த வீடுகள் மிகுதி. பின்னர் 1922இல் மூண்ட உள்நாட்டுப் போரில் பிரிந்த குடும்பங்களும் உண்டு. அந்தப் பேச்சை அவர்களாகத் தொடங்கும்வரை தொடாதீர்கள். இந்த நாட்டை பேச்சுவாக்கிலும் இங்கிலாந்து என்றோ பிரிட்டன் என்றோ குறிப்பிட்டுவிடாதீர்கள். நம் பக்கத்துத் தொடர்பு ஒன்றைச் சொல்ல விரும்பினால், வி. வி. கிரியைச் சொல்லலாம். பின்னாளில் சென்னை மாகாணத்தின் அமைச்சராகவும் இந்தியாவின் குடியரசுத் தலைவராகவும் ஆன அவர், அந்த ஆண்டுகளில் டப்ளினில் சட்டம் பயின்றார். மக்டோனா விரிவுரையாளராக இருந்த அதே கல்லூரி. எழுச்சிக்குப் பிறகு 1916இல் நாட்டை விட்டு வெளியேறும்படி அவருக்கு உத்தரவு வந்தது. நான் இதைச் சொன்ன ஒவ்வொரு முறையும் இங்கத்து நண்பர்கள் மேலும் கேட்க விரும்பினார்கள்.

மகளின் கட்டுரைக்கு மைக்கேல் மாலினைப் பரிந்துரைக்கிறேன். வகுப்பில் பெரும்பாலான குழந்தைகள் பியர்ஸையோ, சுடப்படுவதற்குச் சில மணி நேரம் முன்பு சிறைத் தேவாலயத்தில் திருமணம் செய்துகொண்ட ஜோசப் பிளங்கெட்டையோ எழுதுவார்கள். மாலின் பட்டு நெசவாளர். சிறுவனாகவே பிரிட்டிஷ் இராணுவத்தில் பறையடிப்பவராகச் சேர்ந்து, இந்தியாவின் வடமேற்கு எல்லைப் போர் வரை போனவர். அங்கிருந்து வீட்டுக்கு எழுதிய கடிதங்களில் அந்தப் போரின் மீது அவருக்கு ஏற்பட்ட வெறுப்பு தெரிகிறது. திரும்பிவந்து நெசவாளர் சங்கத்தின் செயலாளரானார். எழுச்சியின்போது செயின்ட் ஸ்டீபன்ஸ் கிரீன் பூங்காவில் இருந்த படைக்கு அவர் தலைவர், கான்ஸ்டன்ஸ் மார்கியெவிச் என்ற பெண்மணி அவருக்கு அடுத்த நிலையில் இருந்தார். அந்தப் பூங்காவின் காவலர் குளத்து வாத்துகளுக்குத் தீனி போடுவதற்காக இரு தரப்பும் தினமும் சிறிது நேரம் சுடுவதை நிறுத்தினார்கள் என்று சொல்கிறார்கள். மகளுக்கு இது கட்டாயம் பிடிக்கும். விசாரணையில் மாலின் தமக்குத் தலைமைப் பொறுப்பே இல்லை என்று சொன்னார். நான்கு குழந்தைகளும் கருவுற்றிருந்த மனைவியும் வீட்டில் இருந்த மனிதர் அப்படிச் சொன்னதை நான் குறையாக நினைப்பதில்லை, கட்டுரையில் அதை மறைக்கவும் வேண்டாம்.

மே 8 அன்று சுடப்படுவதற்கு முன் எழுதிய கடைசிக் கடிதத்தில், இரண்டரை வயது மகன் ஜோசப் பாதிரியாராக வேண்டும் என்று தம் விருப்பத்தை எழுதியிருந்தார். ஜோசப் அப்படியே இயேசு சபையில் சேர்ந்து, ஹாங்காங் போய், வாழ்நாளின் பெரும்பகுதியைப் பள்ளி ஆசிரியராக அங்கேயே கழித்து, 2018இல் தம் 104ஆம் வயதில் இறந்தார். சுட்டுக்கொல்லப்பட்ட தலைவர்களின் பிள்ளைகளில் கடைசியாக உயிரோடு இருந்தவர் அவர்தான். மாலினின் பெயர் டன் லேரி நிலையத்துக்கு இருக்கிறது. கொனலியில் இறங்கி டார்ட் ரயிலில் ஏறுங்கள், பியர்ஸ் நிலையத்தைக் கடந்து கடலோரமாகவே போகும். மகளை ஜன்னல் பக்கம் உட்கார வையுங்கள்.