அப்பப்பாவின் நாடகக் குழுவை எங்கே தேடுவது?

வணக்கம். 1930களில் அப்பப்பா ஊரில் நாடகம் போட்டவர், ஆனால் நூலகப் பட்டியலில் அவர் பெயரைத் தட்டினால் ஒன்றுமே வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். வராதுதான். பட்டியலில் இருப்பது நூலாசிரியர் பெயரும் தலைப்பும். கூத்தாடியவர், ஆர்மோனியம் வாசித்தவர் எல்லாம் உள்பக்கங்களில்தான் கிடப்பார்கள்.

முதலில் கல்வெட்டுகளைப் பாருங்கள். கல்லில் வெட்டியவை அல்ல, இறந்தவர் நினைவாக அச்சிடும் புத்தகங்கள். இறந்தவருக்குச் செய்யும் அந்தியேட்டிக் கிரியைக்கு அச்சிட்டுக் கொடுக்கும் அந்தச் சிறுபுத்தகத்தில் பூர்வீகம், வம்சாவளி, சம்பந்தம் செய்த ஊர், சிலவேளை தொழில்கூட இருக்கும். அப்பப்பாவுடையது கிடைக்காவிட்டால் அவருடன் நடித்தவர்களுடையதைத் தேடுங்கள். புகழ்ச்சியைக் கொஞ்சம் கழித்துத்தான் வாசிக்க வேண்டும், அது வேறு கதை. ஈழத்துத் தமிழ் ஆவணங்களை மின்வடிவில் சேர்த்துவைக்கும் ‘நூலகம்’ நிறுவனத்தின் இணையத்தளத்தில் இவை நிறைய உண்டு, இலவசம்.

அப்புறம் 1930இல் யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் தொடங்கிய ஈழகேசரிப் பத்திரிகை. செய்திகளை விட விளம்பரங்களையும் ஊர்க் கடிதங்களையும் பாருங்கள். பழைய பாடசாலை மலர், கோயில் மலர்களையும் விடாதீர்கள்.

1981இல் யாழ். நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. ஆகவே உறவினர் வீட்டு றங்குப்பெட்டிகளையும் ஒருக்கால் திறந்து பாருங்கள். ஊர்ப் பெயரைச் சொன்னால் இன்னும் குறிப்பாகச் சொல்லலாம்.