வீடு விழுந்த ஊரில் ஓட்டுக் கேட்பது: நேபாள உள்ளாட்சித் தேர்தல் 2017, கேள்வி பதில்

நிலநடுக்கத்துக்குப் பிறகு நேபாளத்தின் சிந்துபால்சோக் மாவட்டத்தில் வீடு கட்டித் தரும் திட்டம் ஒன்றில் வேலை பார்த்தேன் என்று போன வாரம் சொன்னதும் ஆளாளுக்குக் கேள்வி அனுப்பிவிட்டீர்கள். பாதி கேள்விகள் அந்த ஊர்த் தேர்தல் பற்றியவை. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

அக்கா, ஒரு பஞ்சாயத்துத் தேர்தலுக்கு ஏன் அவ்வளவு பரபரப்பு? (கடலூர்)

இருபது வருஷம் கழித்து நடந்த தேர்தல் தம்பி அது. அதற்கு முந்தையது 1997-இல். அப்போது ஜெயித்தவர்களின் பதவிக்காலம் 2002-இல் முடிந்தது. மாவோயிஸ்ட் போர், மன்னர் ஆட்சி, அரசியல் சாசனச் சண்டை என்று தள்ளிக்கொண்டே போனார்கள். 2015 ஏப்ரல் 25-இல் 7.8 அளவு நிலநடுக்கம் வந்து ஏறக்குறைய ஒன்பதாயிரம் பேர் செத்தபோது, எந்தக் கிராமத்திலும் மக்கள் தேர்ந்தெடுத்த ஆள் ஒருவர்கூட இல்லை. கூடாரம் யாருக்கு, அரிசி யாருக்கு என்பதையெல்லாம் மேலிருந்து அனுப்பிய செயலாளரும் உள்ளூர்க் கட்சிக்காரர்களும்தான் முடிவு செய்தார்கள். நம்மூரிலும் 2016-க்குப் பிறகு மூன்று வருஷம் ஊராட்சித் தலைவர் இல்லாமல் தனி அலுவலரை வைத்து ஓட்டினார்களே, அந்த அனுபவத்தை ஐந்து மடங்கு நீட்டிப் பாருங்கள்.

வீடு இடிந்து தகரக் கொட்டகையில் கிடப்பவரிடம் வேட்பாளர் என்ன சொல்லி ஓட்டுக் கேட்பார்? (நாகை, வேதாரண்யம், இன்னும் நாலைந்து பேர்)

வீட்டைச் சொல்லித்தான். வேறு எதைச் சொன்னாலும் காதில் ஏறாது.

அரசு ஒரு வீட்டுக்கு மூன்று லட்சம் நேபாள ரூபாய் தருவதாக அறிவித்திருந்தது. முதலில் இரண்டு லட்சம் என்றார்கள், 2016-இல் உயர்த்தினார்கள். பணம் மூன்று தவணை. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால் 50,000. அஸ்திவாரம் எழுந்து எஞ்சினியர் வந்து பார்த்துச் சரி என்றால் 1,50,000. சுவர் எழும்பி அதற்கும் சரி வாங்கினால் 1,00,000. 2017 மே மாதம் ஓட்டுக் கேட்டு வந்தபோது, முதல் தவணையை வாங்கிச் சாப்பாட்டுக்கும் வைத்தியத்துக்கும் செலவழித்துவிட்டு முழித்தவர்கள் நிறையப் பேர். பயனாளிப் பட்டியலில் பெயரே இல்லை என்று மனுக் கொடுத்தவர்கள் லட்சக்கணக்கில்.

வேடிக்கை என்னவென்றால், அந்தப் பணம் வார்டுத் தலைவர் கையில் இல்லை. காத்மாண்டுவில் இருந்த புனர்நிர்மாண ஆணையத்தின் கையில் இருந்தது. "நான் ஜெயித்தால் ரெண்டாவது தவணை ஒரே மாசத்தில்" என்று மேடையில் சொன்னவருக்கும் இது தெரியும். ஆனால் கேட்டுக்கொண்டிருந்த கிழவிக்கு இன்னொன்று தெரியும்: பிறப்பு, இறப்பு, குடியுரிமை, நிலம், பட்டியலில் விடுபட்டது என்று எதற்குப் போனாலும் வார்டு ஆபீஸ் சிபாரிசுக் கடிதம் வேண்டும். அந்தக் கையெழுத்து நம்ம ஆள் கையெழுத்தாக இருக்கட்டும் என்றுதான் ஜனம் ஓட்டுப் போட்டது. வாக்குறுதியை நம்பி ஏமாந்தார்கள் என்று பட்டணத்தில் எழுதியவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது.

நான் பார்த்த ஒரு வீட்டுமுற்றக் கூட்டத்தில் வேட்பாளர் வளர்ச்சி, சாலை, நீர்மின்சாரம் என்று அடுக்கிக்கொண்டே போனார். மக்காச்சோளம் உரித்துக்கொண்டிருந்த ஓர் அம்மா நடுவில் எழுந்து தகரக் கொட்டகைக்குள் போய், நெகிழிப் பையில் சுற்றிவைத்த ஒப்பந்தக் காகிதத்தைக் கொண்டுவந்து நீட்டினார். "இதில் என் வீட்டுக்காரர் பெயர் தப்பு. இதை யார் திருத்துவது, அதை மட்டும் சொல்லு." அதற்கப்புறம் அந்தக் கூட்டத்தில் யாரும் நீர்மின்சாரம் பற்றிப் பேசவில்லை.

பிரச்சாரத்துக்குப் போகப் பயமில்லையா? குண்டு வெடித்ததாகப் படித்தேனே. (மதுரை)

வெடித்தது. தேர்தலை எதிர்த்தது நேத்ர விக்ரம் சந்த், அதாவது விப்லவ், தலைமையிலான மாவோயிஸ்ட் பிரிவு. பிரஷர் குக்கரில் வெடிமருந்து அடைத்து வழியில் வைப்பது, வேட்பாளர் வீட்டுப் பக்கம் சின்னக் குண்டு போடுவது என்று மிரட்டினார்கள். பழைய போரைப் பார்த்த மலைக்கிராமங்களில் ஒரு குக்கரே போதும். அதனால் இருட்டும் முன் அடுத்த ஊருக்குப் போய்விடுவது, முன்பின் தெரியாத ஒற்றையடிப் பாதையில் உள்ளூர் ஆள் இல்லாமல் நடக்காமல் இருப்பது என்று கட்சிக்காரர்கள் தாங்களாகவே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். வாக்குச்சாவடிக்கு மூன்று வளையப் பாதுகாப்பு: உள்ளே போலீஸ், நடுவில் ஆயுதப் போலீஸ், வெளியே ராணுவம்.

ஆனால் மலையைவிடச் சமவெளிதான் கொதித்தது. 2017 மார்ச் 6-இல் சப்தரி மாவட்டம் மலேத்தில் எமாலே என்ற கம்யூனிஸ்ட் கட்சியின் கூட்டத்துக்கு எதிராக மதேசிகள், அதாவது தெற்குச் சமவெளி மக்கள், திரண்டார்கள், போலீஸ் சுட்டது, உயிர்கள் போயின. சாசனத்தைத் திருத்தாமல் தேர்தல் கூடாது என்பது மதேசிக் கட்சிகளின் நிலை. ஒரே நாளில் நடக்க வேண்டிய தேர்தல் மே 14, ஜூன் 28, செப்டம்பர் 18 என்று மூன்றாக உடைந்ததற்கு முக்கியக் காரணம் இதுதான்.

அங்கேயும் காசு, பிரியாணி உண்டா? (திருப்பூர்)

பிரியாணி இல்லை. ஆட்டுக்கறி, சோறு, ரக்ஸி என்ற வீட்டுச் சாராயம். நடத்தை விதியில் தடைதான். விதி எந்த ஊரில் ஜெயித்திருக்கிறது?

ஒரே வாக்குச்சீட்டில் ஏழு ஓட்டாமே, படிக்காதவர்கள் எப்படிப் போட்டார்கள்? (சென்னை)

தலைவர், துணைத் தலைவர், வார்டுத் தலைவர், பெண் உறுப்பினர், தலித் பெண் உறுப்பினர், பொது உறுப்பினர் இருவர். ஏழு முத்திரை குத்த வேண்டும். எல்லாக் கட்சிச் சின்னமும் வரிசையாக அச்சடித்த சீட்டை விரித்தால் சாப்பாட்டு மேசையில் பாதியை அடைக்கும். ஸ்வஸ்திக் முத்திரையில் மை அதிகமானால் மடிக்கும்போது எதிர்ப்பக்கம் ஒட்டிக்கொள்ளும். பொது உறுப்பினர் வரிசையில் மட்டும் இரண்டு குத்த வேண்டும் என்பது பலருக்குப் பிடிபடவில்லை. செல்லாத ஓட்டு கொட்டியது. கடைசி நாட்களில் கொள்கையை விட்டுவிட்டு மாதிரிச் சீட்டோடு அலைந்தவர்களே புத்திசாலிகள். "மரம் இருக்கும் வரியில் நேரே போ, ஏழு தரம் குத்து" என்று நேபாளி காங்கிரஸ்காரர் சொல்லிக்கொடுப்பார். அவர் போனதும் அதே திண்ணையில் சூரியன் சின்ன எமாலேக்காரர் வந்து உட்காருவார்.

பெண்களுக்கு இடஒதுக்கீடு உண்மையில் வேலை செய்ததா? (கோவை)

எண்ணிக்கையில் செய்தது. மூன்று கட்டத்திலும் சேர்த்து 753 அமைப்புகளுக்கு 35,000-க்கு மேற்பட்டோர் தேர்வானார்கள், அதில் பெண்கள் நூற்றுக்கு நாற்பது. ஒவ்வொரு வார்டிலும் ஒரு தலித் பெண் என்று சட்டமே சொன்னதால் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட தலித் பெண்கள் உள்ளே வந்தார்கள். வேட்பாளரே கிடைக்காமல் காலியாகக் கிடந்த வார்டுகளும் உண்டு. தலைவர், துணைத் தலைவர் இரண்டுக்கும் ஆள் நிறுத்தும் கட்சி அதில் ஒன்றைப் பெண்ணுக்குக் கொடுக்க வேண்டும் என்பது விதி. கட்சிகள் பெரும்பாலும் துணையைக் கொடுத்துவிட்டுத் தலைமையை வைத்துக்கொண்டன. துணைத் தலைவர்தான் உள்ளூர் நியாயக் குழுவுக்குத் தலைமை என்பதால், வரப்புத் தகராறும் புருஷன் பெண்டாட்டி வழக்கும் அந்தப் பெண்களிடம் வந்து சேர்ந்தன. அது சின்ன விஷயம் இல்லை.

வெள்ள நேரத்தில் வேட்பாளர் நிவாரணம் கொடுத்தால் அது உதவியா, லஞ்சமா? (தூத்துக்குடி)

2023 வெள்ளத்தைப் பார்த்தவர் கேட்கும் கேள்வி. தெற்கே இரண்டாம் மாகாணத்தில் இது நிஜமாகவே வந்தது. ஆகஸ்டில் வெள்ளம், சப்தரி முதல் ரௌதஹட் வரை வயல் முழுகியது, செப்டம்பர் 18-இல் ஓட்டு. நிவாரணம் எல்லாம் அரசின் ஒரே வாசல் வழியாகத்தான் போக வேண்டும் என்பது அரசின் ஏற்பாடு. தண்ணீர் சூழ்ந்த குடும்பத்துக்கு அந்த வாசல் திறக்கும் வரை பொறுமை இருக்குமா? அவல், நூடுல்ஸ், தார்ப்பாய் யார் கொடுத்தாலும் வாங்குவார்கள். என்னைக் கேட்டால், படம் ஒட்டாத மூட்டை உதவி, படம் ஒட்டியது பிரச்சாரம். வாங்கியவர்கள் எல்லாம் கொடுத்தவருக்கே போட்டார்கள் என்றும் நினைக்காதீர்கள்.

வளைகுடாவில் இருக்கும் நேபாளிகள் ஓட்டுப் போட முடிந்ததா? (துபாயிலிருந்து)

முடியவில்லை. நேரில் வர வேண்டியிருந்தது. 2018-இல் உச்ச நீதிமன்றம் வழி செய்யச் சொன்னது, 2022 உள்ளாட்சித் தேர்தலிலும் வழி வரவில்லை. அதனால் கிராமத்துக் கூட்டங்களில் இளவட்ட ஆண்கள் குறைவு. கெட்டிக்கார வேட்பாளர்கள் வெளிநாட்டில் இருக்கும் மகனுக்குப் போன் போட்டு, அம்மாவிடம் சொல்லச் சொல்வார்கள். மேடைப் பேச்சைவிட அது பலித்தது.

ஜெயித்தவர்கள் வீடு கட்டிக் கொடுத்தார்களா அக்கா? (கடலூர் தம்பியே மறுபடியும்)

கொடுக்கவில்லை, அது அவர்கள் வேலையும் இல்லை. ஆனால் எஞ்சினியர் ஊருக்கு வராவிட்டால் போய்ச் சத்தம் போட ஓர் ஆள் கிடைத்தார். காகிதத்தில் பெயர் தப்பென்றால் மாவட்டத் தலைநகர் சௌதாராவுக்கு நாள் முழுக்க நடக்காமல் பக்கத்து வார்டு ஆபீசில் கடிதம் வாங்கலாம் என்றானது. சில இடங்களில் அந்தக் கடிதத்துக்கே கட்சி பார்த்தார்கள், அதையும் மறைக்க வேண்டாம். அந்த மக்காச்சோள அம்மாவின் காகிதத்தை யார் திருத்தினார் என்று கேட்பீர்கள். அந்த அம்மா ஓட்டுப் போடாத கட்சியின் வார்டுத் தலைவர்தான்.