வீட்டில் தமிழ் பேசும் குழந்தையை ஆங்கிலத்தில் மட்டும் சோதித்துவிட்டு, ‘மொழிக் குறைபாடு’ என்று அமெரிக்கப் பள்ளி சொன்னால் ஏற்கலாமா?

அங்குள்ள பள்ளிகளில் ஸ்பீச் தெரபிஸ்டாகப் பணியாற்றுபவள் என்ற முறையில் சொல்கிறேன்: அந்த முடிவை அப்படியே ஏற்கவும் வேண்டாம், ஒரேயடியாக ஒதுக்கவும் வேண்டாம்.

1970-இல் கலிஃபோர்னியாவில், ஸ்பானிய மொழி பேசும் ஒன்பது குழந்தைகளை ஆங்கில நுண்ணறிவுச் சோதனையின் பேரில் அறிவுத்திறன் குறைந்தோருக்கான வகுப்பில் சேர்த்தது வழக்காகி, தாய்மொழியிலும் சோதிக்க வேண்டும் என்ற உடன்பாட்டில் முடிந்தது. இன்றைய சிறப்புக் கல்விச் சட்டமும், ஒரே ஒரு சோதனையை வைத்து முடிவெடுக்கக் கூடாது என்றும், ஆங்கிலப் பயிற்சிக் குறைவையே குறைபாட்டுக்கு அடிப்படையாக்கக் கூடாது என்றும் சொல்கிறது.

‘த்ரீ ஆப்பிள்’ என்று குழந்தை சொன்னால் மதிப்பெண் குறையும். ஆனால் ‘மூணு ஆப்பிள்’ என்பது பிழையில்லாத தமிழ். அஃறிணைப் பெயருக்குப் பன்மை விகுதி நம் பேச்சில் கட்டாயமில்லை. பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் ‘எ’, ‘தி’ (a, the) போன்ற ஆங்கிலச் சிறு சொற்களை விடுவதும், ‘ஃபிஷ்’ என்பதை ‘பிஷ்’ என்பதும் இப்படிப்பட்டவையே. உண்மையான மொழிக் குறைபாடு குழந்தை பேசும் இரு மொழிகளிலும் தெரியும்; ஆங்கிலத்தில் மட்டும் தெரிவது பெரும்பாலும் பழக்கக் குறைவுதான்.

சோதனைத் தாளைத் தமிழில் மொழிபெயர்த்துக் கேட்டால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள், போதாது. ஆங்கிலக் குழந்தைக்கு ‘ரிஸ்ட்’ எளிய சொல், நம் குழந்தைகளில் எத்தனை பேர் ‘மணிக்கட்டு’ என்று சொல்வார்கள்? ஆங்கிலம் பேசுவோரை வைத்து வகுத்த சராசரி, மொழிபெயர்த்த தாளுக்குப் பொருந்தாது. அதைவிட, தெரியாத ஒன்றைச் சொல்லிக்கொடுத்து, மறுபடி சோதித்து, எவ்வளவு விரைவில் பிடித்துக்கொள்கிறது என்று பார்ப்பதையே நான் நம்புகிறேன்.

ஆகவே தமிழிலும் மதிப்பிடும்படி பள்ளியிடம் எழுத்தில் கேளுங்கள். குழந்தை வீட்டில் கதை சொல்வதைப் பதிவு செய்து கொடுங்கள். எப்போது முதல் சொல் வந்தது, அதே வயதில் அண்ணனோ அக்காவோ எப்படிப் பேசினார்கள் என்பதையும் சொல்லுங்கள். தமிழிலும் தடுமாற்றம் இருந்தால், இரு மொழிக் குழப்பம் என்று தள்ளிப்போடாமல் பயிற்சியைத் தொடங்குங்கள். (வீட்டில் தமிழை நிறுத்தச் சொல்லும் அறிவுரையைக் காதில் வாங்க வேண்டாம்.) மொழிபெயர்ப்பாளராக உறவினரை உட்கார வைக்காதீர்கள், பாசத்தில் குழந்தையின் வாக்கியத்தைத் திருத்திச் சொல்லிவிடுவார்கள், சோதிப்பவருக்குத் தேவையானதோ அந்தத் திருத்தாத வாக்கியம்.