மிச்சம் மகளுக்கா?

கேள்வி: எனக்கு 34 வயது. கம்பத்திலிருந்து தினமும் ஜீப்பில் கேரளப் பக்கம் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறேன். நான் நல்ல கறுப்பு. இரண்டாவது பிரசவத்துக்கு அப்புறம் உடம்பும் பெருத்துவிட்டது. மாமியாரும் நாத்தனாரும் குத்திக்காட்டிக்கொண்டே இருக்கிறார்கள். வீட்டுக்காரர் எதுவும் சொல்வதில்லை. விசேஷ வீடுகளுக்குப் போவதையே விட்டுவிட்டேன். குமுளியில் ஒரு க்ரீம் வாங்கி ஒரு வருஷமாகப் போடுகிறேன். டப்பாவில் கம்பெனிப் பெயர் இல்லை, ஆனாலும் நன்றாக வெளுக்கிறது. விரலில் மிச்சம் இருப்பதை எட்டு வயது மகளுக்குத் தடவிவிடுவேன், அவளும் என் நிறம்தான். காலையில் 'அம்மா, இன்னிக்கு வெளுத்திருக்கேனா?' என்று கேட்பாள். கண்ணாடியைப் பார்த்தாலே எனக்கு அழுகை வருகிறது. என் உடம்பை நானே ஏற்றுக்கொள்வது எப்படி?
- ஒரு வாசகி, கம்பம்

பதில்: தங்கச்சி, நீங்களும் அழகுதான், மனசுதான் முக்கியம் என்று எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். இதே கடிதம் ஊர்ப் பெயர் மட்டும் மாறி எனக்கு அடிக்கடி வருகிறது. அந்த ஆறுதலைப் படித்துவிட்டு யாரும் கண்ணாடி முன்னால் அழுவதை நிறுத்தியதாகத் தெரியவில்லை. அதனால் அதை விட்டுவிடுகிறேன்.

மிச்சத்தை மகளுக்குத் தடவுவதாகப் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதைப் பற்றித்தான் பேச வேண்டும். பெயர் இல்லாத டப்பா, எட்டு வயதுப் பிள்ளையின் முகம். உங்களுக்கு எப்படி மனசு வந்தது? எந்தக் காய் விளைந்தது, எது பிஞ்சு என்று செடி செடியாகப் பார்த்துப் பறிக்கிற கை உங்களுடையது. அந்தக் கை ஒரு டப்பாவைத் திருப்பிப் பார்க்க மாட்டேன் என்கிறது. செய்தவன் பெயர், முகவரி, லைசென்ஸ் எண், பேட்ச் எண் இல்லாமல் க்ரீம் விற்கக் கூடாது என்பது சட்டம். பெயர் போடாதவன் ஏன் போடவில்லை என்று யோசித்தீர்களா?

மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில் சிறுநீரக டாக்டர்கள் கண்டதைக் கேளுங்கள். 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை, சிறுநீரகத்தின் வடிகட்டி பழுதாகி, சிறுநீரில் புரதம் ஒழுகும் ஒரு நோயோடு 22 பேர் வந்தார்கள். அதில் 15 பேருக்கு இருந்தது அபூர்வமான ஒரு வகை. அந்த 15 பேரில் 13 பேர் வெளுப்பு க்ரீம் போட்டவர்கள். கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023-இல் 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்று பெயர் வைத்தே கடைகளில் சோதனை நடத்தியது.

காரணம் பாதரசம். தோலில் கறுப்பு நிறமி உண்டாவதை அது தடுக்கும், அதனால்தான் வெளுக்கிறது. வெளுக்க வைக்கும் அதே பாதரசம் தோல் வழியாக உள்ளே இறங்கிச் சிறுநீரகத்தில் போய்ச் சேரும். துண்டு, தலையணை, தடவிய கை என்று வீடு முழுக்கப் பரவும். க்ரீமையே தொடாத பிள்ளைகள் உடம்பிலும் பாதரசம் ஏறியதைக் கண்டிருக்கிறார்கள். உங்கள் டப்பாவில் அது இருக்கிறதா என்பதைச் சோதித்தால்தான் தெரியும். அதுவரை இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இன்றிலிருந்து பிள்ளை மேல் ஒரு சொட்டுப் படக் கூடாது, உங்கள் மேலும்தான். டப்பாவைச் சாக்கடையில் வீசாமல், அடுப்பில் போடாமல், பாலிதீன் பையில் கட்டி டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். கம்பம் அரசு மருத்துவமனையில் இரண்டு பேருக்கும் சிறுநீரில் புரதம் போகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், சின்னப் பரிசோதனைதான். கால் வீக்கம், காலையில் கண்ணைச் சுற்றி உப்பல், சிறுநீர் நுரைத்துப் போவது, இதில் எது இருந்தாலும் தள்ளிப்போடாதீர்கள். இந்த மாதிரி க்ரீம்களில் ஸ்டீராய்டும் கலந்திருக்கலாம். அப்படியானால் நிறுத்தியதும் முகம் சிவந்து எரியும், பழையபடி கறுக்கும். பயந்துபோய் மறுபடி குமுளிக்கு ஓடாதீர்கள். க.விலக்கில் இருக்கும் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் டாக்டரைப் பாருங்கள்.

பெருத்துவிட்டேன் என்பதற்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் சர்க்கரை, ரத்த அழுத்தம், தைராய்டு பார்த்துக்கொள்ளுங்கள். தராசில் தினமும் ஏறாதீர்கள். உப்பும் மாதவிலக்கும் ஒன்றிரண்டு கிலோவை ஏற்றி இறக்கும். நாத்தனார் கண்ணுக்காகப் பட்டினி கிடந்தால் மலைச்சரிவில் மயங்கி விழுவீர்கள்.

உங்களை நீங்கள் ஏற்றுக்கொள்வது எப்படி என்று கேட்டீர்கள். உங்கள் மகள் காலையில் கேட்கிற கேள்விக்கு என்ன பதில் சொல்கிறீர்கள்? அதை நீங்கள் எழுதவே இல்லை. 'கொஞ்சம் வெளுத்திருக்கே' என்று சொல்லியிருந்தால், மாமியார் உங்களுக்குச் செய்ததை நீங்கள் அவளுக்குச் செய்கிறீர்கள். அவர் வாயால் செய்தார், நீங்கள் கையால் செய்கிறீர்கள். கறுப்பு வியாதி இல்லை. அதற்கு மருந்து தடவத் தடவ, அது வியாதிதான் என்று பிள்ளை நம்பிவிடும். நாளைக்குக் கேட்டால், 'நீ என் நிறம், உன் அம்மாச்சி நிறம், இதுதான் நம்ம நிறம்' என்று சொல்லித் தலையைப் பின்னிவிடுங்கள். முதல் நாள் உங்களுக்கே அதில் நம்பிக்கை இருக்காது. இருந்தாலும் சொல்லுங்கள், சொல்லிச் சொல்லித்தான் வரும். அவள் எதிரில் 'நான் அசிங்கமா இருக்கேன்' என்ற பேச்சும் இனி வேண்டாம்.

மாமியாருக்கு மரியாதை கொடுக்க வேண்டும், அதில் எனக்கு இரண்டாவது பேச்சே இல்லை. ஆனால் 'அத்தை, பிள்ளை முன்னாடி நிறத்தைப் பத்திப் பேசாதீங்க' என்று சொல்வது மரியாதைக் குறைவு ஆகாது. உங்களுக்கு முன்னால் அதைச் சொல்லியிருக்க வேண்டியவர் உங்கள் வீட்டுக்காரர். பெற்ற தாயிடம் ஒரு வார்த்தை பேச முடியாத ஆள், நாளைக்கு மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது மட்டும் எப்படி வாய் திறப்பார்? இந்தப் பக்கத்தை அவர் கையில் கொடுங்கள். ஒரு நாள் கூலி போனாலும் பரவாயில்லை, பரிசோதனைக்கு உங்கள் இரண்டு பேரையும் அவரே கூட்டிக்கொண்டு போகட்டும்.