அழுமூஞ்சி பொம்மையை வீட்டில் வைக்கலாமா?

"சின்னதாக மரச்சிற்பம் செய்யப் பழகுகிறேன். முகத்தில் சோகம், பயம் எதுவும் வர மாட்டேன் என்கிறது. செய்து முடித்ததை வீட்டில் எங்கே வைப்பது?" என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டாவது கேள்வியைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, வீட்டில் யாரோ ஏதோ சொல்லியிருக்கிறார்கள். எனக்கும் சொன்னார்கள். அதனால்தான் இந்தப் பதில்.

நான் ஸ்தபதி இல்லை. அப்பாவுக்குத் தச்சு வேலை, தேர் வேலைக்கும் போவார். அண்ணன் கையில் உளியைக் கொடுத்தவர் என் கையில் கொடுக்கவில்லை. நர்ஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பிறகுதான் கொட்டாப்புளியை, அதாவது உளியைத் தட்டும் மரச்சுத்தியலைத் தொட்டேன். கோயில் விக்கிரகத்துக்குத் தாளம் என்கிற உடல் அளவுக் கணக்கு உண்டு, கண் திறக்க நாள் பார்ப்பார்கள். அதெல்லாம் படித்தவர்கள் கருத்துப் பெட்டியில் சண்டைக்கு வர வேண்டாம். நான் பேசுவது ஒரு சாண் உயர வீட்டுப் பொம்மையைப் பற்றி.

ஒரு சாண் பொம்மையில் முகம் எவ்வளவு இருக்கும்? பெருவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. அதில் போய்ப் புருவத்தை நெரித்து உதட்டைக் கோணலாக்கப் பார்த்தால் உதடு சில்லாகப் பெயர்ந்து வந்துவிடும். முகத்தை விட்டுவிட்டுக் கழுத்தையும் தோளையும் பாருங்கள். வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களை முதுகுப் பக்கமாகவே பார்த்துப் பழகியவள் நான். பயந்திருப்பவர் தோள் காதுவரை ஏறியிருக்கும். கோபத்தில் இருப்பவர் முழங்கை விலாவோடு ஒட்டியிருக்கும். கெட்ட சேதி கேட்டு முடித்தவருக்குத் தோளே இருக்காது, கழுத்திலிருந்து நேராகக் கை தொடங்கும். இதை வெட்ட வளைந்த வாயுள்ள நக உளிகூட வேண்டாம், தட்டை வாயுள்ள பட்டை உளி போதும்.

இன்னொன்று. தொல்காப்பியம் நகை, அழுகை, இளிவரல் (இழிவு), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று மெய்ப்பாடு, அதாவது உடம்பில் தெரியும் உணர்ச்சி, எட்டு சொல்லி, ஒவ்வொன்றுக்கும் நான்கு காரணமும் சொல்கிறது. அச்சம் என்றால் அணங்கு (வருத்தும் தெய்வம்), விலங்கு, கள்வர், தம் இறை (அரசன்). ஒரு சிற்பிக்கு இதைவிட என்ன வேண்டும்? திருடனுக்குப் பயந்தவன் திரும்பிப் பார்ப்பான், மிருகத்துக்குப் பயந்தவன் ஒரு காலை எடுத்திருப்பான், அரசனுக்குப் பயந்தவன் குனிவான். பயம் என்று பொதுவாக எதையும் செதுக்க உட்காராதீர்கள்.

சரி, என் கதைக்கு வருகிறேன். மடியில் கை வைத்து உட்கார்ந்திருக்கிற ஒரு பெண்ணைச் செய்தேன். தலை லேசாக ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். கண் வெட்டவில்லை, குழி மட்டும். ஷோகேஸில் பேரனின் கோப்பைகளுக்கு நடுவே வைத்திருந்தேன். வீட்டுக்கு வந்த நாத்தனார் பார்த்துவிட்டு, "அண்ணி, இந்த அழுமூஞ்சி வீட்டுக்கு ஆகாது. ரெண்டு யானை செஞ்சு வைங்க" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. நான் செதுக்கிய பெண் அழவே இல்லை! நாத்தனார் போன பிறகு உற்றுப் பார்த்தேன். ஷோகேஸுக்குள் பல்பு வெளிச்சம் உச்சந்தலைக்கு நேர் மேலிருந்து விழுகிறது. கண்குழி இரண்டும் கறுத்து, கன்னம்வரை நிழல். அழுகை மரத்தில் இல்லை, விளக்கில் இருந்தது.

எடுத்து ஹால் ஜன்னல் திண்டில் தெருவைப் பார்த்தாற்போல் வைத்தேன். பக்கத்து வெளிச்சம், அறைக்குள்ளிருந்து பார்த்தால் பாதி முதுகு தெரியும். தீபாவளிக்கு வந்த அதே நாத்தனார், "இவ யாருக்காகக் காத்துக்கிட்டு இருக்கா அண்ணி?" என்று கேட்டாள். நான் ஒரு சீவல்கூட எடுக்கவில்லை. இது அந்தப் பொம்மைதான் என்று அவளிடம் இன்றுவரை சொல்லவும் இல்லை.

ஆகவே ட்யூப்லைட்டுக்கு நேரெதிரே வேண்டாம், மேடு பள்ளமெல்லாம் ஒன்றாகிவிடும். உச்சி விளக்கும் வேண்டாம். மேற்கு வெயில் விழுகிற இடம், ஏசி காற்று அடிக்கிற இடம் இரண்டிலும் மரம் வெடிக்கும். வரிசையாக வைத்தால் கடையாகிவிடும், தனியாக வையுங்கள்.

மரம் வெட்பாலை கிடைத்தால் நல்லது. கர்நாடகத்துச் சன்னபட்னா, ஆந்திரத்து ஏட்டிகொப்பாகா பொம்மைகளுக்கு அதுதான், வெளுப்பு, நெருக்கமான இழை. பூவரசும் சரி. தேக்கில் ரேகை பளிச்சென்று தெரியும், முகத்தின் நடுவே ஒரு கோடு விழுந்தால் தழும்புதான். ரேகை நெட்டுக்கு ஓட வேண்டும், குறுக்கே ஓடினால் கழுத்து ஒடியும். நடுத்தண்டு இருக்கிற துண்டை எடுக்காதீர்கள், வெடிப்பு அங்கிருந்துதான் கிளம்பும். கையைத் தனியாகச் செய்து ஒட்டவும் வேண்டாம். 2020இல் புவிசார் குறியீடு வாங்கிய பெரம்பலூர் அரும்பாவூர்ச் சிற்பங்கள் ஒரே கட்டையில் செதுக்குபவை. ஒட்டிய கை எப்போதும் நடிக்கும்.

அப்புறம் சத்தம். ஞாயிற்றுக்கிழமை பகலில் கொஞ்ச நேரம் தட்டுவதற்கு எங்கள் குடியிருப்புச் சங்கத்தில் என் மேல் தீர்மானம் போட்டார்கள். முன்மொழிந்தவர் யார் தெரியுமா? டைல்ஸ் மாற்றுகிறேன் என்று மாதக்கணக்கில் கட்டர் ஓட்டி எங்கள் தூக்கத்தைக் கெடுத்த மூன்றாம் மாடிக்காரர்.  வயதான பெண்பிள்ளை உளி பிடித்தால்தான் இவர்களுக்குக் காது கேட்கிறது. போகட்டும். கட்டைக்கு அடியில் பழைய யோகா விரிப்பை மடித்துப் போடுங்கள், சத்தம் குறையும்.

மெருகுக்குத் தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள். உலராது, தூசி பிடிக்கும். பெயிண்ட் கடையில் லின்சீட் ஆயில் (ஆளிவிதை எண்ணெய்) என்று கேட்டு வாங்கி, மெல்லப் பூசித் துடைத்துவிடுங்கள். துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைக் கூடையில் போட்டுவிடக் கூடாது. காயும்போது சூடேறித் தானாகவே தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து வெளியே கொடியில் விரித்துப் போடுங்கள்.