எடைக்குப் போகும் கண் கார்டுகள்

கேள்வி: நான் ஆப்டோமெட்ரி (பார்வையைப் பரிசோதித்துக் கண்ணாடி பவர் குறிக்கும் படிப்பு) பட்டதாரி. ஒரு கண்ணாடிக் கடையில் ஆறு வருடம் வேலை பார்த்துவிட்டு, இப்போது சொந்தமாகத் தொடங்கச் சின்னதாக ஓர் இடம் பிடித்திருக்கிறேன். எனக்கென்று லைசென்ஸ் ஏதாவது வேண்டுமா? நான் பார்த்தவர்களின் கண் பரிசோதனைக் கார்டுகளெல்லாம் பழைய கடையில் அட்டைப்பெட்டிகளில் கிடக்கின்றன. இடத்தை அடைக்கிறது, எடைக்குப் போட்டுவிடலாம் என்கிறார் முதலாளி. அவற்றை நான் எடுத்துக்கொண்டு போகலாமா? இதற்கிடையில் ஒரு தாய், தன் மகனின் பழைய பவர் விவரமெல்லாம் வேண்டும் என்று கேட்கிறார். "கொடுத்தால் வேறு கடைக்குப் போய்விடுவார்கள், கொடுக்காதே" என்கிறார் முதலாளி. என்ன செய்வது?
பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: உங்கள் கேள்விகளில் அவசரமானது நடுவில் இருக்கிறது. லைசென்ஸுக்கு ஒரு மாதம் அலையலாம், எடைக்குப் போன பேப்பர் திரும்பி வராது. பெயர், வயது, போன் நம்பர், 'சர்க்கரை 8 வருடம்' என்ற குறிப்பு எல்லாம் இருந்த ஒரு கண் பரிசோதனைத் தாளில் வடை மடித்துக் கொடுக்க, நானே வாங்கித் தின்றிருக்கிறேன். எந்த ஊர் என்பது வேண்டாம். அந்தத் தாளுக்கு உரியவர் அடுத்த தெருக்காரராகக்கூட இருந்திருக்கலாம்.

ஆனால் அவற்றை நீங்கள் எடுத்துக்கொண்டு போகக் கூடாது. உங்கள் கையெழுத்தில் இருப்பதாலேயே அவை உங்களுடையவை ஆகிவிடாது. அவர்கள் அந்தக் கடையை நம்பி வந்து சொன்ன விவரங்கள் அவை. காகிதத்தைப் பாதுகாக்கும் பொறுப்பு கடைக்கு, விவரம் நோயாளிக்கு. கடைசி நாளன்று கடை மூடிய பிறகு செல்போனில் படம் பிடித்துக்கொள்வதும் இதே கணக்குதான். 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் சாரம் இது: எந்தக் காரியத்துக்கென்று விவரம் வாங்கினோமோ அதற்கு மட்டும் பயன்படுத்த வேண்டும். கண்ணைக் காட்ட வந்தவரின் நம்பருக்குத் 'திறப்பு விழாச் சலுகை' அனுப்புவது அதில் சேராது. உங்களைத் தேடி வருபவர்கள் வரட்டும். வரும்போது பழைய கடையில் நகல் கேட்டு வாங்கி வரச் சொல்லுங்கள்.

முதலாளியிடம் சட்டம் பேசுவதற்கு முன்னால் வியாபாரம் பேசிப் பாருங்கள். "போன தடவை உங்களுக்கு இந்த பவர், இந்த லென்ஸ்" என்று சொல்லத் தெரிந்த கடைக்குத்தான் ஆள் திரும்ப வருவார். அது புரியாவிட்டால் அப்புறம் சட்டத்துக்கு வாருங்கள். டாக்டர்களுக்கான 2002-ம் ஆண்டு நடத்தை விதிகள், உள்நோயாளிகளின் ஆவணங்களை 3 வருடம் வைத்திருக்கச் சொல்கின்றன. நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்கவும் சொல்கின்றன. நாம் டாக்டர்களும் இல்லை, நம்மிடம் படுக்கையும் இல்லை. ஆனாலும் அளவுகோலாக வைத்துக்கொள்ள அது போதும். நுகர்வோர் சட்டத்தில் புகார் கொடுக்க 2 வருட அவகாசம் உண்டு. குழந்தைகள் விஷயம் வேறு. வழக்குத் தொடுப்பதற்கான காலக்கெடு அவர்களுக்கு 18 வயது நிறைந்த பிறகுதான் ஓடத் தொடங்கும், அதிலிருந்து 3 வருடம் வரை போகலாம். அதனால் நான் கடைப்பிடித்த கணக்கு இது: பெரியவர்களுக்குக் கடைசியாக வந்த நாளிலிருந்து 5 வருடம், குழந்தைகளுக்கு 21 வயது முடியும் வரை. கண் நீர் அழுத்தச் சந்தேகம் உள்ளவர்களின் கார்டை மட்டும் நான் கழித்ததே இல்லை. கழித்தே ஆக வேண்டிய மற்றவற்றைக் கிழித்து, ஒரு வாளித் தண்ணீரில் இரவு முழுக்க ஊறப்போட்டுப் பிசைந்துவிட்டால் போதும். அதற்குப் பெரிய மெஷின் எல்லாம் வேண்டியதில்லை.

அந்தத் தாய்க்குக் கொடுங்கள். இதில் யோசிக்க எதுவும் இல்லை. பையனுக்கு 7 வயதில் மைனஸ் 0.75, 8-ல் 1.50, 9-ல் 2.25 என்று இருந்திருந்தால், இன்றைய எண்ணைவிட அந்த ஏற்றத்தின் வேகம்தான் முக்கியம். பவர் ஏறுவதை மட்டுப்படுத்த அட்ரோபின் சொட்டு தொடங்கலாமா என்று கண் டாக்டர் யோசிக்கும்போது முதலில் கேட்பதே இதைத்தான். புதிதாகப் பார்க்கிறவருக்கு, பழைய கார்டு இல்லாத குழந்தை அன்றைக்குத்தான் பிறந்த மாதிரி. வேறு கடைக்குப் போய்விடுவார் என்பது முதலாளியின் பயம். கேட்டும் கொடுக்காவிட்டால் கண்டிப்பாகப் போய்விடுவார் என்று அவரிடம் சொல்லுங்கள்.

கொடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். சிலிண்டர் பவரை, அதாவது கண்ணின் வளைவுக் கோணலைச் சரிசெய்யும் பவரை, ஒருவர் பிளஸ்ஸில் எழுதுவார், இன்னொருவர் மைனஸில் எழுதுவார். பிளஸ் 1.00, மைனஸ் 2.00, ஆக்ஸிஸ் (அந்தப் பவர் நிற்கும் கோணம்) 180 என்பதும், மைனஸ் 1.00, பிளஸ் 2.00, ஆக்ஸிஸ் 90 என்பதும் ஒரே கண்ணாடிதான். ஆனால் வீட்டில் இரண்டு சீட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற அம்மாவுக்குத் தூக்கம் போய்விடும். எல்லா வருடத்தையும் ஒரே முறைக்கு மாற்றி எழுதி, அருகில் தேதியும் போட்டுக் கொடுங்கள்.

சரி, இனி உங்கள் சொந்தக் கார்டுகள். இதில்தான் நான் கொஞ்சம் நீட்டிப் பேசப் போகிறேன், ஏனென்றால் இதில் அடிபட்டவன் நான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் கார்டில் இரண்டே வரிதான் இருக்கும்: வலது கண் பவர், இடது கண் பவர். ஒருவர் நாலு வருடம் கழித்துத் திரும்பி வந்தார். பக்கவாட்டுப் பார்வை நன்றாகக் குறைந்திருந்தது, கிளாக்கோமா எனும் கண் நீர் அழுத்த நோய். "அப்பவே பிரஷர் பார்த்தீங்களா?" என்று கேட்டார் அவர் மகன். பார்த்தேன். காற்று அடித்துப் பார்க்கும் மெஷினில் பார்த்தேன், சாதாரணமாகத்தான் இருந்தது என்று நினைவு. ஆனால் கார்டில் எழுதவில்லை. அந்தப் பையன் அதற்கு மேல் ஒன்றும் கேட்காமல் கார்டையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அதிலிருந்து சாதாரணமாக இருந்ததையும் எழுதுவேன். கண் அழுத்தத்தை நேரத்தோடு எழுதுவேன், காலையில் ஓர் எண்ணும் மாலையில் வேறோர் எண்ணும் வருவது சகஜம். கண்ணாடி இல்லாமல் பார்வை எவ்வளவு, பழைய கண்ணாடியோடு எவ்வளவு, புதியதோடு எவ்வளவு என்று ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியாக. பழைய கண்ணாடியின் பவர், கண் பாப்பா விரிந்து சுருங்குவது, என்ன சொட்டு எத்தனை மணிக்கு விட்டோம் என்பது. வந்தவர் என்ன சொன்னாரோ அதை அவர் வார்த்தையிலேயே எழுதுங்கள். 'தலைவலி' என்று சுருக்குவதைவிட 'சாயங்காலம் ஊசி கோர்க்கும்போது நெற்றி வலிக்குது' என்பதில் பாதி நோயறிதல் இருக்கிறது. மறுத்ததையும் எழுதுங்கள்: 'மருந்து விட்டுப் பார்க்கச் சொன்னேன், பைக்கில் வந்திருப்பதால் வேண்டாம் என்றார், வெள்ளிக்கிழமை வருவதாகச் சொன்னார்.' டாக்டரிடம் அனுப்பினால் எதற்காக, எத்தனை நாளுக்குள் போக வேண்டும் என்று சொன்னீர்கள் என்பதும் இருக்க வேண்டும். தப்பாக எழுதிவிட்டால் ஒரே கோடு, பக்கத்தில் கையெழுத்து, தேதி. ஒயிட்னர் பாட்டிலைக் கடைக்குள்ளேயே விடாதீர்கள். அடித்தது தெரிந்தால் பரவாயில்லை, மறைத்தது தெரிந்தால்தான் வம்பு.

இன்னொன்று. கம்ப்யூட்டர் டெஸ்ட் மெஷினிலிருந்து வரும் சின்னச் சீட்டை அப்படியே பின் அடித்து வைப்பது நம் தொழிலில் பரவலான சோம்பேறித்தனம். அது பஸ் டிக்கெட் அடிக்கிற வகைச் சூட்டுக் காகிதம். திண்டுக்கல் வெயிலுக்குச் சீக்கிரமே வெளுத்து வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். எண்களைக் கையால் கார்டில் ஏற்றிவிடுங்கள். கம்ப்யூட்டரில் வைப்பதாக இருந்தால் உங்களுக்கென்று தனிப் பாஸ்வேர்டு, இன்னொரு இடத்தில் ஒரு நகல். பில் போடும் பையனும் நீங்களும் ஒரே பெயரில் உள்ளே போனால், யார் எதை மாற்றினார்கள் என்று யாருக்கும் தெரியாது.

லைசென்ஸ் விஷயம் சுருக்கமானது. சென்னையில் சங்கர நேத்ராலயா 1985-லேயே எலீட் ஆப்டோமெட்ரி பள்ளியைத் தொடங்கி நான்கு வருடப் பட்டப்படிப்பு நடத்தியது. நம் தொழிலுக்குச் சட்டப்படி ஒரு பதிவேடு வேண்டும் என்று நாடாளுமன்றத்துக்குத் தோன்ற 2021 ஆகிவிட்டது. துணை மற்றும் சுகாதாரத் தொழில்முறையாளர்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் என்று நீளமான பெயர். அதன் அட்டவணையில் ஆப்டோமெட்ரிஸ்ட் உண்டு. 3,600 மணி நேரத்துக்குக் குறையாத, 3 முதல் 6 வருடப் பட்டப்படிப்பு முடித்தவரை அது சுகாதாரத் தொழில்முறையாளர் என்கிறது. பதிவு செய்ய வேண்டியது மாநிலக் கவுன்சிலின் பதிவேட்டில். மாநிலங்கள் இழுத்தடித்ததால் உச்ச நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் தலையிட்டு, இரண்டு மாதத்தில் சட்டத்தை நடைமுறைப்படுத்தச் சொன்னது. பட்டச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், இன்டர்ன்ஷிப் சான்றிதழ் மூன்றையும் ஸ்கேன் செய்து கையில் வைத்துக்கொண்டு விண்ணப்பியுங்கள். தொழிலில் இருப்பவர்களே அமைத்த ஆப்டோமெட்ரி கவுன்சில் ஆஃப் இந்தியாவில் ஏற்கெனவே பதிந்திருந்தால் நல்லது, ஆனால் அரசுப் பதிவுக்கு அது ஈடாகாது.

நகராட்சியோ பேரூராட்சியோ தரும் தொழில் உரிமம் கடைக்கானது, உங்களுக்கானது அல்ல. பலர் அதை ஃபிரேம் போட்டு மாட்டிவிட்டு 'லைசென்ஸ் இருக்கு' என்கிறார்கள். வாரம் ஒரு நாள் கண் டாக்டரை வரவழைத்துப் பார்க்க வைக்கும் எண்ணம் இருந்தால், தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் 1997 உங்களுக்குப் பொருந்துமா என்று மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். பதிலையும் எழுத்தில் வாங்குங்கள்.

போர்டு எழுதுபவரைக் கூப்பிட்டிருப்பீர்கள். அவராகவே 'கண் மருத்துவமனை' என்று போட்டுவிடுவார், அது அவர் கைப்பழக்கம். உங்கள் பெயர், பட்டம், கீழே 'ஆப்டோமெட்ரிஸ்ட்', பதிவு எண் வந்ததும் சேர்க்க ஒரு வரி இடம். இதைத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு, பெயின்ட் காயும் முன் ஒரு தடவை போய்ப் பார்த்துவிடுங்கள்.