கட் ஆஃப், சான்றிதழ், சாய்ஸ் ஃபில்லிங்: பிளஸ் டூ வீடுகளிலிருந்து வந்த கேள்விகள்

600-க்கு 540 வாங்கினால் நல்ல பொறியியல் கல்லூரி கிடைக்குமா? 520 எடுத்த பக்கத்து வீட்டு அண்ணனுக்கே கிடைத்ததாம்.
(பிளஸ் டூ மாணவி, திண்டுக்கல்)

மொத்த மதிப்பெண்ணைப் பார்த்துப் பொறியியல் இடம் தருவதில்லை. கணிதம் முழுதாக 100, இயற்பியலில் பாதி, வேதியியலில் பாதி என்று 200-க்குப் போடும் கட் ஆஃப்தான் கணக்கு. 540 எடுத்தவருக்கு கணிதம் 80, இயற்பியல் 85, வேதியியல் 85 என்றால் கட் ஆஃப் 165. 520 எடுத்தவருக்கு கணிதம் 96, மற்ற இரண்டிலும் 90 என்றால் 186. 20 மதிப்பெண் குறைவாக வாங்கியவர் தரவரிசையில் எங்கோ முன்னால் நிற்பார். அந்த அண்ணனுக்குக் கிடைத்ததன் காரணம் இப்படி ஏதாவதுதான் இருக்கும்.

ஆகவே நேரத்தையும் அப்படியே பிரியுங்கள். கணிதத்தில் ஒரு மதிப்பெண், இயற்பியலில் இரண்டு மதிப்பெண்ணுக்குச் சமம். கணிதத் தாளில் ஒரு மதிப்பெண் வினாக்கள் மட்டும் 20. அதாவது 20 கட் ஆஃப். அங்கே விடையின் குறியீட்டை மட்டும் எழுதிவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். குறியீடு, விடை இரண்டையும் எழுதச் சொல்லித்தான் வினாத்தாளில் போட்டிருக்கும்.

இயற்பியல், வேதியியலில் எழுத்துத் தேர்வு 70-க்குத்தான். செய்முறை 20, அகமதிப்பீடு 10. ரெக்கார்டு நோட்டை முடிக்காமல் பிப்ரவரியில் ஓடுகிறவர்கள் இழப்பது, வருடம் முழுக்க உழைத்தாலும் எளிதில் ஈடுகட்ட முடியாத மதிப்பெண். ஒரே கட் ஆஃபில் பலர் வந்தால் முதலில் கணித மதிப்பெண்ணையும், அதுவும் சமமானால் இயற்பியலையும் பார்ப்பார்கள்.

தமிழும் ஆங்கிலமும் கட் ஆஃபில் வராது என்று அலட்சியம் வேண்டாம். என்ஐடி போக நினைத்தால் பிளஸ் டூவில் மொழிப்பாடத்தையும் சேர்த்து 75 சதவீதம் (எஸ்சி, எஸ்டி மாணவருக்கு 65) வேண்டும், இல்லையென்றால் அந்த வாரியத்தின் முதல் 20 பர்சன்டைலுக்குள் வர வேண்டும். அரசு கலைக் கல்லூரியில் பி.ஏ. தமிழ் படிக்க விரும்புகிறவருக்கோ தமிழ் மதிப்பெண்தான் தரவரிசையே.

பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் ஒரு எழுத்து, ஆதாரில் வேறு எழுத்து. எதைத் திருத்துவது?
(ஒரு தந்தை, விருதுநகர்)

பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் இருப்பது சரியான பெயர்தான் என்றால் அதையே அடிப்படையாக வைத்துக்கொண்டு ஆதாரை அதற்கு ஏற்ப மாற்றுங்கள். ஆதார் திருத்தம் சில நாள், சில வார வேலை. மார்க் ஷீட் திருத்தம் பள்ளி, கல்வி அலுவலகம் என்று அலையவிடும். இனிஷியல் முன்னே பின்னே இருப்பதைவிட ஆங்கில எழுத்துகள் மாறியிருப்பதுதான் பெரிய தலைவலி. பள்ளியில் நாமினல் ரோல் (பொதுத்தேர்வு எழுதுவோர் பட்டியல்) தயாரிக்கும்போது கையெழுத்துப் போடச் சொல்வார்கள். அப்போது பெயர் (தமிழிலும் ஆங்கிலத்திலும்), பிறந்த தேதி, பயிற்றுமொழி, பாடத்தொகுதி நான்கையும் எழுத்து எழுத்தாகப் பாருங்கள். அந்தப் பட்டியலை வைத்துத்தான் பிளஸ் டூ மார்க் ஷீட் அச்சாகிறது.

இதோடு இன்னொன்று. பிரவுசிங் சென்டரில் விண்ணப்பம் போடும்போது கடைக்காரரின் மெயில், கடைக்காரரின் போன் எண்ணைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். கவுன்சிலிங் நடக்கும் நாளில் ஓடிபி அவருக்குப் போகும், கடை பூட்டியிருக்கும். வீட்டில் ஒரு எண், மாணவர் பெயரில் ஒரு மெயில். கல்லூரியில் சேரும்வரை அவை மாறவே கூடாது.

எந்தெந்தச் சான்றிதழ், எப்போது வாங்க வேண்டும்?
(பிளஸ் டூ மாணவர், அரியலூர்)

பரீட்சை முடிந்த பிறகு என்று தள்ளிப்போடாதீர்கள். ரிசல்ட் வந்த வாரத்தில் மாவட்டமே இ-சேவை மையத்தில் நிற்கும். விண்ணப்பம் விஏஓ, ஆர்ஐ, தாசில்தார் அலுவலகம் என்று மேசை மேசையாக நகரும். தேர்தல் வேலை, ஜமாபந்தி என்று எந்த மேசையிலும் நின்றுவிடலாம்.

சாதிச் சான்றிதழ் ஏற்கெனவே இருந்தாலும் அது பழைய கையெழுத்து அட்டையா, க்யூஆர் கோடு உள்ள டிஜிட்டல் சான்றா என்று பாருங்கள். அட்டை என்றால் டிஜிட்டலாக வாங்கிவிடுங்கள். எஸ்டி பிரிவுக்குச் சான்று தருவது தாசில்தார் அல்ல, கோட்டாட்சியர். விசாரணைக்கு நாள் பிடிக்கும். ஆகவே அந்த மாணவர்கள் பள்ளி திறந்த ஜூன் மாதமே தொடங்குவது நல்லது. வருமானச் சான்று ஓராண்டுதான் செல்லும். அதை மட்டும் முன்கூட்டி வாங்காமல் மார்ச், ஏப்ரலில் வாங்குங்கள்.

பொறியியல் கவுன்சிலிங்குக்கு, எட்டு முதல் பிளஸ் டூ வரை தமிழ்நாட்டுக்கு வெளியே படித்த வருடம் ஏதேனும் இருந்தால் இருப்பிடச் சான்றும் (நேட்டிவிட்டி) வேண்டும். பெங்களூரிலோ மும்பையிலோ படித்துவிட்டுத் திரும்பிய பிள்ளைகளின் வீட்டில் இதைக் கடைசி நேரத்தில்தான் கவனிக்கிறார்கள்.

பலரும் தடுமாறும் இடம் ஓபிசி சான்று. தமிழக அரசு தரும் பிசி, எம்பிசி சான்றை நீட் அகில இந்திய ஒதுக்கீட்டிலோ ஜேஇஇ வழியாகப் போகும் என்ஐடி, ஐஐடியிலோ காட்டினால் செல்லாது. அங்கே மத்திய அரசு படிவத்தில் ‘நான் கிரீமி லேயர்’ (வசதி படைத்த பிரிவில் வராதவர்) என்று வரும் ஓபிசி சான்று வேண்டும். உங்கள் சாதி மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஐஐடி, என்ஐடி சேர்க்கைக்கு அந்த ஆண்டு ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கியதுதான் ஏற்கப்படும். டிசம்பரில் வாங்கி பத்திரமாக வைத்தவர்கள் மறுபடி வரிசையில் நிற்க நேரிடும்.

அக்கா முதல் பட்டதாரிச் சலுகையில் பி.இ. படிக்கிறாள். எனக்கும் கிடைக்குமா?
(பிளஸ் டூ மாணவர், தர்மபுரி)

கிடைக்காது, தம்பி. குடும்பத்தில் ஒருவருக்குத்தான். தாத்தா, பாட்டி, பெற்றோர், உடன்பிறந்தோர் யாரும் பட்டதாரியாக இல்லாத வீட்டில் முதலில் படிக்கிறவருக்கு உரியது அது. கவுன்சிலிங் வழியாகச் சேர்ந்தால்தான் பொருந்தும், கல்விக் கட்டணத்தில் மட்டும்தான் கழியும். அதனால் வருமானச் சான்றை வைத்து வேறு உதவித்தொகை பாருங்கள்.

ஆறாம் வகுப்பு தனியார் பள்ளி, ஏழாவதிலிருந்து அரசுப் பள்ளி. 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கு விண்ணப்பிக்கலாமா?
(ஒரு தாய், கடலூர்)

விதி ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்கிறது. கட்டாயக் கல்விச் சட்ட (ஆர்டிஇ) ஒதுக்கீட்டில் எட்டு வரை தனியார் பள்ளியிலும் ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளியிலும் படித்தவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. மற்றவர்களுக்கு ஒரு வருடம் விட்டாலும் அந்த ஒதுக்கீடு இல்லை. அரசு உதவிபெறும் பள்ளியும் இதில் சேராது. பொதுப் போட்டியிலும் உங்கள் வகுப்புப் பிரிவிலும் வழக்கம்போல் இடம் உண்டு. தகுதியுள்ளவர்கள் படித்த ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் சான்று வாங்கி வையுங்கள்.

நீட், பொதுத்தேர்வு இரண்டையும் எப்படிச் சமாளிப்பது? தமிழ்வழி மாணவி நான்.
(திருவாரூர்)

இரண்டுக்கும் தனித்தனியாகப் படிக்காதீர்கள். ஒரு பாடத்தை முதலில் நம் பாடநூலில் படித்து, அதே வாரம் என்சிஇஆர்டி புத்தகத்தில் அதே அத்தியாயத்தையும் படித்து முடியுங்கள். உயிரியலில் அந்தப் புத்தகத்தின் ஒவ்வொரு வரியும் படமும் முக்கியம். நீட்டின் 180 கேள்வியில் 90 உயிரியலிலிருந்துதான் வருகிறது, 720 மதிப்பெண்ணில் 360. ஜனவரி முதல் மார்ச் வரை பொதுத்தேர்வு மட்டும். அது முடிந்தால் மே மாத நீட் வரை கிடைக்கும் வாரங்களில் புதிதாக எதையும் தொடங்காமல் பழைய வினாத்தாள்களை மூன்று மணி நேரம் கடிகாரம் வைத்து எழுதுங்கள். சரியான விடைக்கு 4, தவறுக்கு 1 கழியும்.

தமிழைத் தேர்ந்தெடுத்தால் வினாத்தாளில் தமிழோடு ஆங்கிலமும் இருக்கும். மொழிபெயர்ப்பில் குழப்பம் வந்தால் ஆங்கிலமே இறுதி. அதனால் ஒவ்வொரு கலைச்சொல்லின் ஆங்கிலப் பெயரையும் நோட்டின் ஓரத்தில் எழுதிப் பழகுங்கள்.

மதிப்பெண் எதிர்பார்த்ததைவிடக் குறைந்துவிட்டால்?
(பிளஸ் டூ மாணவர், ஈரோடு)

விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பியுங்கள். நகல் வாங்கியவர்தான் மறுமதிப்பீடு கேட்க முடியும். மறுகூட்டல் மட்டும் கேட்டுவிட்டால் அந்த வழி அடைபட்டுவிடும். அவகாசம் சில நாள்தான். கணிதத்தில் 3 மதிப்பெண் கூடினால் கட் ஆஃபில் 3 கூடும், முயற்சிக்குத் தகும்.

பொறியியல் கவுன்சிலிங்கின் சாய்ஸ் ஃபில்லிங்கில் (வேண்டிய கல்லூரி, பாடப்பிரிவுகளைப் பட்டியலிடுவதில்) என்ன வரிசையில் போடுவது?
(பலர் கேட்டது)

உங்கள் விருப்ப வரிசையில். கிடைக்கும், கிடைக்காது என்ற கணக்கில் அல்ல. கணினி மேலிருந்து கீழே படித்துக்கொண்டே வந்து, உங்கள் தரவரிசைக்குக் காலியாக இருக்கும் முதல் இடத்தைத் தந்துவிட்டு நின்றுவிடும். ‘இது நிச்சயம் கிடைக்கும்’ என்று சுமாரான கல்லூரியை மேலே போட்டால் அதுதான் கிடைக்கும். கீழே இருக்கும் நல்ல கல்லூரியை அது பார்க்கவே பார்க்காது. எத்தனை வேண்டுமானாலும் போடலாம் என்பதால் பத்துப் பதினைந்தோடு நிறுத்தாதீர்கள்.

முந்தைய ஆண்டின் விவரத்தைப் பார்க்கும்போது கட் ஆஃபைவிடத் தரவரிசை எண்ணைப் பாருங்கள். வினாத்தாள் எளிதாக இருந்த வருடம் 180 கட் ஆஃபுக்கு முன்னால் நிற்கிற கூட்டம் வேறு, கடினமான வருடம் வேறு. உங்கள் வகுப்புப் பிரிவின் பத்தியையே பாருங்கள். கல்லூரிப் பெயரை நம்பாமல் குறியீட்டைச் சரிபாருங்கள்: அண்ணா பல்கலைக்கழகத்தில் 1 என்பது கிண்டி பொறியியல் கல்லூரி வளாகம், 4 என்பது குரோம்பேட்டை எம்ஐடி. ஒரே நிர்வாகத்தின் இரண்டு மூன்று கல்லூரிகள் ஏறக்குறைய ஒரே பெயரில் இருக்கும், குறியீடுதான் வேறு. என்பிஏ அங்கீகாரம் கல்லூரிக்கு மொத்தமாகத் தருவதல்ல, ஒவ்வொரு பாடப்பிரிவுக்கும் தனி. நீங்கள் சேரும் பிரிவுக்கு உண்டா என்று கேளுங்கள்.

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் உறுதிசெய்யக் குறைந்த நாள்தான் தருவார்கள். கிடைத்ததே போதும் என்றால் ஏற்றுச் சேருங்கள். பிடித்திருக்கிறது, ஆனால் மேலே உள்ளது காலியானால் மாறுவேன் என்றால் ‘ஏற்று மேல்நோக்கி’ என்பதைத் தேர்ந்தெடுத்து உதவி மையத்தில் கட்டணம் செலுத்துங்கள். மாறிவிட்டால் பழைய இடம் திரும்பக் கிடைக்காது. ஏற்காமல் மேல்நோக்கிக் காத்திருப்பது, கையில் உள்ளதை இழக்கத் தயாரானவருக்கு மட்டும். எதையுமே அழுத்தாமல் விட்டால் இடம் போய்விடும். அப்பா வெளியூரில், போன் அவரிடம் என்பதாலேயே இடம் போன வீடுகள் உண்டு.

ரிசல்ட்டுக்கு முன்பே தனியார் பல்கலைக்கழகத்தில் முன்பணம் கட்டச் சொல்கிறார்கள்.
(ஒரு தந்தை, மதுரை)

கட்டுவதற்கு முன் சேர்க்கையின் கடைசித் தேதி என்ன என்று எழுத்தில் கேளுங்கள். யுஜிசியின் 2018 அறிவிப்பில் கட்டணத்தைத் திருப்பித் தரும் அளவு அந்தத் தேதியை வைத்தே சொல்லப்பட்டிருக்கிறது: கடைசித் தேதிக்கு 15 நாள் அல்லது அதற்கும் முன்பே விலகினால் முழுத்தொகை, நடைமுறைச் செலவாக 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் மட்டும் கழித்து, அதற்குப் பின் கடைசித் தேதிக்குள் விலகினால் 90 சதவீதம், கடைசித் தேதிக்குப் பின் 15 நாளுக்குள் 80, 30 நாளுக்குள் 50, அதன்பின் ஒன்றும் இல்லை. விலகுவதாக வாய்மொழியாகச் சொல்லாமல் தேதியிட்டு மெயில் அனுப்புங்கள்.

அசல் மார்க் ஷீட்டைக் கல்லூரி பிடித்துவைக்கவும் அதே அறிவிப்பு தடைவிதிக்கிறது. சரிபார்த்துவிட்டு உங்கள் முன்னாலேயே திருப்பித் தர வேண்டும். நடைமுறையில் டிசி (பள்ளி மாற்றுச் சான்றிதழ்) மட்டும்தான் அங்கே தங்கும். கொடுப்பதற்கு முன் அதை இரண்டு பக்கமும் நாலைந்து நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.